அறை இருக்கிறது, நூலகர் எங்கே?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்துக்குக் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. ஒரு பள்ளியில் என்னென்ன கட்டாயம் இருக்க வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது: எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை ஆசிரியர், ஆண்டுக்கு எத்தனை வேலை நாள், மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர். அந்த வரிசையில் நூலகமும் இருக்கிறது. நாளிதழ், பருவ இதழ்கள், எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள், கதைப் புத்தகங்கள் ஆகியவற்றோடு ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் நூலகருக்கு அந்த அட்டவணையில் இடம் இல்லை. 100 குழந்தைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலைப் பள்ளிக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் தேவை என்று நினைவாக எழுதியவர்கள், நூலகத்தைத் திறந்து நடத்த ஓர் ஆள் தேவை என்பதை எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

அந்த ஒரு விடுபடலின் விளைவைத் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் பரவலாகப் பார்க்கலாம். தலைமையாசிரியர் அறையின் மூலையிலோ, ஆய்வகத்தை ஒட்டிய சிறிய அறையிலோ இரண்டு மூன்று இரும்பு பீரோக்கள் நிற்கும். உள்ளே புத்தகங்கள் இருக்கும். பூட்டின் சாவி, நூலகப் பொறுப்பு தரப்பட்ட ஆசிரியரிடம் இருக்கும். அவர் தமிழாசிரியராகவோ கணித ஆசிரியராகவோ இருப்பார். வாரம் முழுக்க அவருக்கு வகுப்புகள் உண்டு. எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், உதவித்தொகைப் பட்டியல், தேர்வுப் பணி, தேர்தல் பணி எல்லாம் அதற்கு மேல். நூலகப் பொறுப்புக்காக அவருடைய பாடவேளையில் ஒன்றுகூடக் குறைக்கப்படுவதில்லை. கால அட்டவணையில் 'நூலகம்' என்று ஒரு பாடவேளை இருந்தாலும், பத்தாம் வகுப்புக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது அதுதான்.

பொறுப்பாசிரியர்கள் புத்தகத்தை வெளியே கொடுக்கத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். பீரோவில் உள்ள ஒவ்வொரு நூலும் இருப்புப் பதிவேட்டில் ஏறியது. தணிக்கையின்போதோ, இடமாறுதலில் பொறுப்பை ஒப்படைக்கும்போதோ ஒரு நூல் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஏழாம் வகுப்புப் பையன் வீட்டுக்குக் கொண்டுபோன புத்தகம் மழையில் நனைந்துவிட்டால் அந்தக் கணக்கும் அவர் தலையில்தான் விழும். கொடுக்காத புத்தகம் தொலைவதில்லை. ஆகவே பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு அவர் வருகிறார்.

ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள் இந்த விஷயத்தில் வியக்கத்தக்க தெளிவோடு பேசுகின்றன. நூலகங்களுக்கென்றே உள்ள 215ஆம் விதி, ஓராண்டில் வழங்கப்படும் 1,000 நூல்களுக்கு 5 நூல்கள் தொலைவது இயல்பு, நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை அதை ஏற்கலாம் என்கிறது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால்தான் கட்டாய விசாரணை. குழந்தைகளின் கதைப் புத்தகங்களில் அந்த விலைக்கு எத்தனை இருக்கும்? இந்த விதி ஒன்றிய அரசு அலுவலகங்களுக்கானது. இதே போன்ற பாதுகாப்பு எழுத்து வடிவில் ஒவ்வொரு அரசுப் பள்ளி ஆசிரியரின் கையிலும் இருந்தால் பாதிப் பூட்டுகள் தாமாகவே திறந்துகொள்ளும். காசு செலவில்லாத சீர்திருத்தம் இது.

நோய் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, 1953இல் தந்த அறிக்கையில் பள்ளி நூலகங்களைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதியது. பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இருக்கும் நூல்கள் பழையவை, மாணவரின் விருப்பம் அறியாமல் வாங்கப்பட்டவை. பொறுப்பில் இருப்பவர் ஓர் எழுத்தராகவோ, ஈடுபாடில்லாத ஆசிரியராகவோ இருக்கிறார் என்பது அதன் கணிப்பு. பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும், அவருக்கு மூத்த ஆசிரியருக்கு இணையான ஊதியமும் மதிப்பும் வேண்டும் என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பக்கங்களை இன்றைய ஆய்வறிக்கை என்று சொல்லிக் கொடுத்தால் நம்பிவிடலாம்.

இதெல்லாம் நூலக அறிவே இல்லாத மண்ணில் நடந்திருந்தால் புரிந்துகொள்ளலாம். ஆனால் இதே மண்ணில், சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். லண்டன் சென்று பயின்று திரும்பியதும் அடுக்குகளை வாசகருக்குத் திறந்துவிட்டார், நூலக நேரத்தை நீட்டினார். 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்படுவதற்காகவே இருக்கின்றன என்பதைத்தான் நிறுவுகிறது. அதே ஆண்டில் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கும் வழியை அது வகுத்தது. இன்று 4,000க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் தமிழ்நாட்டில் இயங்க அந்த வரியே அடித்தளம். ஆனால் அந்தச் சட்டம் பொது நூலகங்களுக்கானது. பள்ளி நூலகம் பள்ளிக் கல்வியின் பொறுப்பு என்று ஒதுங்கி நின்றது. பள்ளிக் கல்வியிலோ பள்ளி நூலகத்துக்கென்று சட்டமும் இல்லை, தனி வரியும் இல்லை, பள்ளிதோறும் நிலையான பணியிடமும் இல்லை.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010இலும் மதுரையில் 2023இலும் திறந்த பிரம்மாண்டமான நூலகங்களில் குழந்தைகளுக்கென்று அழகான தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அவை பெருமைக்குரியவை. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை அங்கே எத்தனை முறை போய்வர முடியும் என்ற கேள்வி மட்டும் மிச்சம். அந்தப் பிள்ளைக்கு ஆண்டில் 200 நாளும் எட்டும் தூரத்தில் இருப்பது பள்ளி நூலகம் ஒன்றுதான்.

இருக்கிறதா, இல்லையா என்று கேட்பதில் தொடங்குகிறது நம் கணக்கின் கோளாறு. பள்ளிகளின் ஆண்டுத் தகவல் தொகுப்பான யூடைஸ் படிவம் நூலகம், புத்தக வங்கி, வாசிப்பு மூலை ஆகிய மூன்றையும் சேர்த்தே கேட்கிறது. பூட்டிய பீரோவும் அதில் 'ஆம்' ஆகிவிடும். ஆண்டுக் கல்வி நிலை அறிக்கையான அசருக்காகக் களம் செல்லும் ஆய்வாளர்கள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள். கிராமப்புறப் பள்ளிக்குப் போகும் நாளில், பாடநூல் அல்லாத புத்தகங்கள் குழந்தைகளின் கையில் இருந்தனவா என்று குறித்துக்கொள்கிறார்கள். அவ்வாறு பயன்பாட்டில் இருந்த பள்ளிகள் இந்திய அளவில் 2018இல் 36.9 விழுக்காடு, 2024இல் 51.3 விழுக்காடு. முன்னேற்றம்தான். ஆனாலும் ஏறக்குறைய பாதிப் பள்ளிகளில் அன்றைய தினம் ஒரு கதைப் புத்தகம்கூடக் குழந்தையின் கைக்கு வந்திருக்கவில்லை.

இங்கே சத்துணவை நினைத்துப் பார்க்க வேண்டும். காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் வெற்றி பெற்றதற்கு அரிசியும் பருப்பும் மட்டும் காரணமல்ல. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பணியிடங்கள் உருவாக்கப்பட்டன. அரிசி மூட்டையை இறக்கிவிட்டு, அறிவியல் ஆசிரியர் ஓய்வு நேரத்தில் சமைத்துக்கொள்ளட்டும் என்று யாரும் சொல்லவில்லை. புத்தகக் கட்டுகளைப் பள்ளியில் இறக்கும்போது மட்டும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நூலகர் இருந்தால் என்ன செய்வார்? புதிதாக வந்த கட்டைப் பிரிக்கிறார். ஒவ்வொரு நூலுக்கும் பதிவு எண் இட்டு, முத்திரை குத்தி, முதுகில் சீட்டு ஒட்டுகிறார். இது எழுத்தர் வேலை, ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அடுத்தது அவ்வளவு எளிதல்ல. ஆறாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் அவர்களில் பத்துப் பேருக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மூன்று பேர் எட்டாம் வகுப்புக் கதைகளையும் விழுங்கிவிடுவார்கள். ஒருத்தி தினமும் ஒரே படக்கதையை எடுப்பாள். யாருக்கு எந்தப் புத்தகம் என்று தெரிந்திருப்பதே நூலகரின் தொழிலறிவு. பெரிய எழுத்தில் பக்கத்துக்கு இரண்டு வரி உள்ள கதையை, மற்றவர்கள் கேலி செய்யாதபடி, தயங்கும் பையனின் கையில் சேர்க்க வேண்டும். அந்தப் படக்கதைக்காரிக்கு அதே பாணியில் அடுத்த புத்தகத்தை எடுத்துக் காட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கிழிந்த முதுகைத் துணிநாடா வைத்து ஒட்ட வேண்டும். பத்தாண்டுகளாக யாரும் தொடாத பழைய வழிகாட்டி நூல்களைக் கழித்துவிட்டு இடம் பண்ண வேண்டும். ஏழு பாடவேளை எடுத்த களைப்போடு எந்த ஆசிரியரும் இதைச் செய்ய முடியாது. செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தங்கள் வீட்டு நேரத்தைத் தருகிறார்கள். அவர்களின் நல்ல மனத்தை நம்பி ஓர் ஏற்பாட்டை நடத்துவது அரசுக்கு அழகல்ல.

தரம் என்பது எட்டாத கனவும் அல்ல. இதே தமிழ்நாட்டில் இயங்கும் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் நூலக அறிவியல் பட்டம் பெற்ற நூலகருக்குத் தனிப் பணியிடம் உண்டு. பட்டதாரி ஆசிரியருக்கு இணையான ஊதியமும் உண்டு. சிபிஎஸ்இ வாரியம் தன்னோடு இணையும் தனியார் பள்ளிகளிடம், நூலக அறை 14 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும், தகுதி பெற்ற நூலகர் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. கட்டணம் செலுத்தும் வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்றிய அரசு ஊழியரின் பிள்ளைக்கும் கட்டாயமான ஒன்று, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் ஏன் விருப்பத்துக்குரியதாக இருக்க வேண்டும்?

பணம் இருக்கிறதே என்பார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளியின் வகைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. 600 பேர் படிக்கும் மேல்நிலைப் பள்ளிக்கு உச்சவரம்பான 20,000 ரூபாயே வந்தாலும் தலைக்கு 33 ரூபாய்தான். அது நூல் வாங்க மட்டுமே, ஆளுக்கு அல்ல. அந்த நூல்களையும் பெரும்பாலும் மேலிடமே தேர்ந்தெடுத்துக் கட்டாக அனுப்புகிறது. திட்ட நிதி எப்போதும் உறுதியானதும் அல்ல: 2024-25இல் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத் தகராறில் இத்திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டதாக மாநில அரசு நீதிமன்றம் வரை போனது. திட்ட நிதி வந்தாலும் வராவிட்டாலும் நிற்கக்கூடியது பணியிடம் ஒன்றுதான்.

பிற நாடுகளின் அனுபவங்களில் நாம் மிகவும் கவனித்துப் படிக்க வேண்டியது ஜப்பானுடையது. 1953இலேயே அங்கே பள்ளி நூலகச் சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு பள்ளியிலும் நூலக ஆசிரியர் வேண்டும் என்று அது சொன்னது. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் போதவில்லை என்பதால், தற்போதைக்கு நியமிக்காமல் இருக்கலாம் என்று ஒரு விலக்கையும் பின்னிணைப்பில் சேர்த்தார்கள். அந்தத் 'தற்போதைக்கு' ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. 1997இல் சட்டத்தைத் திருத்தி, 12 வகுப்புகளுக்குக் குறையாத பள்ளிகளில் 2003 ஏப்ரல் முதல் கட்டாயம் என்றார்கள். அப்போதும் நியமிக்கப்பட்டவர்கள் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களே. நூலகத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால் 2014இல் மறுபடி திருத்தி, வகுப்புச் சுமை இல்லாத பள்ளி நூலகர் என்ற பதவியையும் சட்டத்தில் சேர்த்தார்கள். கூடுதல் பொறுப்பு வேலைக்கு ஆகாது என்று ஒரு நாடு அரை நூற்றாண்டைச் செலவழித்துத் தெரிந்துகொண்டிருக்கிறது. அதை நாம் முதலிலிருந்து சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

இலங்கையிலும் ஒரு முயற்சி உண்டு. உலக வங்கி உதவியோடு பள்ளி நூலகங்களை மேம்படுத்தியபோது, ஆசிரிய நூலகர்களுக்குப் பயிற்சி தரவென்றே 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் அறிவியலுக்கான தேசிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கட்டடத்தோடு ஆளையும் சேர்த்து யோசித்த திட்டம் அது.

எதிர்த்திசையில் போன ஊர்களும் உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரப் பள்ளிகளில் 1991இல் 176 நூலகர்கள் இருந்தார்கள். நிதி வெட்டுகளில் அந்த எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சரிந்தது. ஹூஸ்டனில் 2023இல் மாநில அரசு பள்ளி நிர்வாகத்தைக் கையில் எடுத்தபின், ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பல பள்ளிகளில் நூலகர் பணியிடங்களை நீக்கி, நூலக அறைகளை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினார்கள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். இங்கிலாந்தில் சிறைச்சாலைக்கு நூலகம் சட்டப்படி கட்டாயம், பள்ளிக்கு இல்லை.

நூலகர் இருந்தால் மதிப்பெண் கூடுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. கீத் கரி லான்ஸ் என்ற ஆய்வாளர் கொலராடோ மாநிலத்தில் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வும், அதைத் தொடர்ந்து பல மாநிலங்களில் நடந்த ஆய்வுகளும், நூலகப் பணியாளரும் நூல்களும் நன்கு அமைந்த பள்ளிகளில் வாசிப்புத் தேர்வு மதிப்பெண் உயர்ந்திருப்பதைக் காட்டின. வசதியான ஊர்தானே நூலகரை வைத்துக்கொள்ளும், பிள்ளைகள் எப்படியும் நன்றாகத்தானே படிப்பார்கள் என்ற ஐயம் நியாயமானது. அதனாலேயே அந்த ஆய்வுகள் வறுமை, பெற்றோர் கல்வி போன்றவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் தொடர்பு நிற்கிறதா என்று பார்த்தன. நின்றது. இதைக் கல்லில் பொறித்த நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பள்ளிகளில் கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய பல கருவிகளுக்கு இந்த அளவு சான்றுகூடக் கிடையாது.

தமிழ்நாடு சும்மா இருக்கிறது என்று சொல்வது தவறு. மாணவருக்கென்று ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களை அரசே வெளியிடுகிறது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைத் தந்தது. குழந்தையின் வயதைப் பார்க்காமல் வாசிக்கும் திறனைப் பார்த்து வகுத்த அந்தப் படிநிலைகள் உண்மையிலேயே நல்ல யோசனை. பேச்சு வழக்குக்கு அருகில் நிற்கும் மொழி, நிறைய படங்கள், சில பக்கங்களில் முடிந்துவிடும் கதைகள். ஆனால் 'நட' புத்தகங்களை முடித்த பிள்ளையைக் கவனித்து 'ஓடு' அடுக்குக்கு அழைத்துப் போக ஒருவர் வேண்டுமே. இயக்கங்கள் அதிகாரிகளின் ஆர்வத்தில் பிறக்கின்றன. அதிகாரி மாறும்போது தளர்கின்றன.

37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கும் நாளையே நூலகரை நியமி என்று கேட்பது பொறுப்பற்ற கோரிக்கை. இருபது பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு முழுநேர நூலகர் தேவையும் இல்லை. படிப்படியாகச் செய்யலாம். முதலில் மேல்நிலைப் பள்ளிகள்: ஆறு முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு முழுநேர நூலகர். அடுத்து உயர்நிலைப் பள்ளிகள். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்குக் அருகருகே உள்ள பள்ளிகளை இணைக்கும் குறுவள மையத்துக்கு ஒருவர் என நியமித்து, வாரத்தில் ஒரு நாள் ஒரு பள்ளி என்று சுற்றிவரச் செய்யலாம். அந்தப் பள்ளிகளில் நூலகப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு வாரத்தில் நான்கு பாடவேளையாவது குறைக்க வேண்டும். அருகில் கிளை நூலகம் இருக்கும் ஊரில் அங்கிருந்து பள்ளிக்குப் புத்தகம் சுழற்சியில் வர பள்ளிக் கல்வி, பொது நூலக இயக்ககங்கள் சேர்ந்து ஓர் ஆணை போட்டால் போதும்.

ஆட்களுக்குப் பஞ்சமில்லை. இந்தியாவில் நூலகப் பயிற்சி வேர்விட்ட இடங்களில் ஒன்று சென்னை. 1929இலேயே சென்னை நூலகச் சங்கம் பயிற்சிப் பள்ளி நடத்தியது. இன்று அண்ணாமலை, மதுரை காமராசர், அழகப்பா, பாரதிதாசன் என்று பல பல்கலைக்கழகங்களில் நூலக அறிவியல் படித்தவர்கள் வேலை இல்லாமல் காத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் குழந்தை இலக்கியமும் கதைசொல்லலும் கற்றுத்தர ஒரு குறுகிய பயிற்சி சேர்த்தால் போதும்.

அதோடு நூல் தேர்வில் மாணவரும் ஆசிரியரும் அடங்கிய குழுவுக்குப் பள்ளி அளவில் உரிமை வேண்டும். இழப்புக்கு வரம்பு கட்டும் விதி எழுத்தில் வேண்டும். ஆய்வுக்கு வரும் கல்வி அலுவலர் எத்தனை நூல் இருக்கிறது என்று கேட்பதை விட்டு, போன மாதம் எத்தனை நூல் வெளியே போனது என்று கேட்க வேண்டும். கேள்வி மாறினால் பதிவேடு மாறும்.

இதைக் கேட்கும் உரிமை பெற்றோரிடமும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அமைத்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை உறுப்பினர்கள் பெற்றோரே. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது நூல் வழங்கல் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசிப் பதிவு எந்தத் தேதியில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பிள்ளையின் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால், எங்கள் பள்ளிக்கு நூலகர் பணியிடம் வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள்.